படிப்புரையும் அறைப்புரையும்: ஆய்வுக்கூடம் என்கிற குடும்பம் பற்றி

1

'நமது ஆய்வுக்கூடம் ஒரு குடும்பம்' என்று தொடங்குகிறது அந்தச் சுற்றறிக்கை. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருக்கும் இளம் நண்பர் ஒருவர் விடுமுறைக்குத் தக்கலை வந்தபோது கொண்டுவந்து காட்டினார். எல்லோரையும் அரவணைக்கும் சூழல், பரஸ்பர மரியாதை, மனம்விட்டுப் பேசுதல், மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கைகொடுத்தல் என்று ஒன்றரைப் பக்கம். சாதி என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. பெண் என்ற சொல் ஒருமுறை வருகிறது, பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில். 'நல்லாத்தானே எழுதியிருக்கு, இதுல என்ன குத்தம் காணப்போறிய அண்ணே?' என்றார் நண்பர். குற்றம் காண்பது கிடக்கட்டும். முதல் வாக்கியத்திலேயே எனக்குக் கால் இடறிவிட்டது. குடும்பம் என்றால் எந்தக் குடும்பம்?

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முற்றம், படிப்புரை, அதற்கப்புறம் நடை, உள்ளே அடுக்களை, அதற்கும் உள்ளே அறைப்புரை. நெல்லும் பாத்திரமும் பத்திரமும் அறைப்புரையில் இருக்கும். சாவி காரணவரிடம். படிப்புரையில் உட்கார வைக்கப்பட்டவர் வீட்டுக்கு வந்தவர்தான். ஆனால் வீட்டுக்குள் வந்தவர் அல்ல. அறைப்புரைக்குள் இருக்கும் நெல்லை விளைவித்தவர்கள் முற்றத்தோடு நின்றார்கள். யார் எதுவரை வரலாம் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. திருவிதாங்கூரில் அயித்தம் அடிக்கணக்கில் அளக்கப்பட்டது என்பார்கள். அது தெருவுக்கான கணக்கு. வீட்டு வாசலில் கணக்கே தேவைப்படவில்லை, கால்கள் தாமாக நின்றன. குடும்பம் என்று சொல்லும்போது நம் சமூகத்தின் ஞாபகத்தில் எழுவது இந்தக் கட்டடம்தான். இதில் அன்பு இல்லை என்று யார் சொன்னது? வேண்டிய மட்டும் இருந்தது. ஓணத்துக்குத் துணி கொடுத்தார்கள், தீனம் வந்தால் விசாரித்தார்கள். எல்லாம் படிப்புரையில் வைத்து.

தக்கலையிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனியின் டி லனாய் பிறகு மார்த்தாண்ட வர்மாவின் தளபதியாகி, படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்த இடம். பீரங்கி வார்க்கும் உலையும் இங்கேதான் நடந்தது. 1777இல் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை இங்கிருந்து நடந்து போகிற தூரம். கிறித்தவர் என்பதால் அரண்மனைக்குள் அவருக்கு அனுமதி இல்லை, அதனாலேயே கோட்டையில் தங்கினார் என்று சொல்லப்படுகிறது. அதிகாரத்தில் இருந்த ஒரு தளபதியை ஒடுக்கப்பட்டோர் கணக்கில் சேர்க்க வரவில்லை நான். அந்த ஏற்பாட்டின் நேர்த்தியைச் சொல்ல வருகிறேன். அறிவு உள்ளே வரலாம், அறிந்தவன் வெளியே நிற்கலாம். எங்கள் ஊரின் முதல் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்த உலையைத்தான் சொல்ல வேண்டும். அது இப்படித்தான் தொடங்கியது.

2

ஆய்வுக்கூடத்தைப் பற்றி மேற்கில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. புருனோ லத்தூரும் ஸ்டீவ் வுல்காரும் 1979இல் வெளியிட்ட நூல், கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தை ஒரு மானிடவியலாளன் பழங்குடிக் கிராமத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. உண்மை என்பது அங்கே எப்படிப் படிப்படியாக, கருவிகளும் தாள்களும் பேச்சுமாகக் கட்டப்படுகிறது என்று காட்டியது. ஆனால் அந்தக் கிராமத்துக்குள் வரமுடியாமல் போனவர்கள் யார் என்பது அவர்களுடைய கேள்வியாக இல்லை. நம்முடைய கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு எனக்கு அதிகம் உதவுவது ஹாரி காலின்ஸ் 1974இல் எழுதிய ஒரு கட்டுரை. கனடாவில் உருவாக்கப்பட்டு 1970இல் அறிவிக்கப்பட்ட ஒருவகை லேசரைப் பிரிட்டனின் ஆய்வுக்கூடங்கள் எப்படிச் செய்து பார்த்தன என்று அவர் விசாரித்தார். செய்முறை அச்சில் இருந்தது. ஆனால் அச்சில் இருந்ததை மட்டும் வைத்து ஒருவராலும் அந்த லேசரை இயங்கவைக்க முடியவில்லை. ஏற்கெனவே செய்து முடித்த ஒருவரோடு நேரடித் தொடர்பு இருந்தவர்களுக்கே அது வாய்த்தது. போய்ப் பார்த்திருக்க வேண்டும், தொலைபேசியில் பேசியிருக்க வேண்டும், அங்கிருந்து ஒரு ஆள் இங்கே வந்திருக்க வேண்டும். எழுத்தில் வராத, சொல்லவும் முழுசாய் வராத ஓர் அறிவு ஆளிலிருந்து ஆளுக்குத்தான் போகிறது.

தமிழில் இதற்கு ஒரு சொல் கைவசம் இருக்கிறது: பழக்கம். அதற்கு இரண்டு பொருள். கைக்குப் பழகுவது ஒன்று, ஆளோடு பழகுவது இன்னொன்று. காலின்ஸ் சொல்வதை நம் மொழியில் சொன்னால், ஆள்பழக்கம் இல்லாமல் கைப்பழக்கம் வராது.

இந்தியாவில் ஆள்பழக்கம் எந்த வழியே போகிறது? யாரோடு டீ குடிக்கப் போகிறோம், யார் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகிறோம், யாரைப் பார்த்ததும் 'எந்த ஊரு, யாரு வீட்டு ஆளு' என்று விசாரித்து மனசு இளகுகிறோம்? சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஆய்வுக்கூடத்தில் சாதி வசவாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அது வருவது சொல்லாமல் விட்ட ஒரு சின்னக் குறிப்பாக. பழகாததால் சொல்லப்படவில்லை, சொல்லப்படாததால் கை பழகவில்லை, கை பழகாததால் 'தகுதி இல்லை'. இந்த மூன்றாவது படி மட்டும் கோப்பில் ஏறும். முதல் இரண்டு படிகளுக்கும் சாட்சி கிடையாது. அரவணைப்பு, ஒத்துழைப்பு என்று சுற்றறிக்கைகள் பேசுவதெல்லாம் மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக, நல்ல குணமாக வைக்கப்படுகின்றன. இது குணம் பற்றிய பிரச்சினை இல்லை. அறிவைப் பங்கிடுவது பற்றியது. நெல் யாருக்கு அளக்கப்படுகிறது என்பது மாதிரி.

3

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு ரசாயன ஆய்வுக்கூடத்தில் ஸ்காலராக இருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே அவசியமில்லை.

ஒரே மாசத்தில் சேர்ந்தோம், நானும் இன்னொருவரும். அவர் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள், தலித். எம்.எஸ்சி.யில் என்னைவிட மார்க் அதிகம். இரண்டு பேருக்கும் முதல் வேலை ஒன்றுதான்: கண்ணாடிக் குழாய்களால் ஆன வேக்குவம் லைனை ஓட்டிக் கற்பது. முதல்நாள் டீக்கடையில் ஒரு சீனியர் என் ஊரைக் கேட்டார், அப்புறம் குடும்பப் பெயரைக் கேட்டார். இரண்டாவது டீக்குள் நாங்கள் சொந்தம்போல ஆகிவிட்டோம். மறுநாள் அவராகவே வந்து லைனைக் காட்டினார். மூன்றாவது ஸ்டாப்காக்குக்குப் பின்னால், கிளாம்ப் மறைக்கிற இடத்தில், ஒரு மயிரிழைக் கீறல் இருக்கு, அங்கே மெழுகு வைக்கணும். கிரீஸை அள்ளிப் பூசக்கூடாது, இரண்டு கீற்று மெல்லிசாப் போட்டு, கண்ணாடி தெளியும்வரை திருப்பணும், ஒரு கோடு தெரிஞ்சாலும் காத்து போகும். ஐந்து நிமிஷப் பேச்சு. எந்தக் கையேட்டிலும் இல்லாதது.

அவருக்கு யாரும் சொல்லவில்லை. மறுத்தார்கள் என்றால் சொல்லிவிடலாம், யாரும் மறுக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இல்லாத கீறலைப் பற்றி யார் கேட்பார்கள்? இரண்டு மாசம் அவருடைய லைன் பிடிக்கவே இல்லை. கைடு ஒருநாள் எல்லோர் முன்னாலும் 'சிலருக்குக் கை வராது' என்றார். கோபமாகக்கூட இல்லை, வருத்தப்படுகிற தொனியில்.

கடைசியில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது லேப் அட்டெண்டர். வள்ளியூர்ப் பக்கத்து மனுஷர், எல்லோரும் அண்ணாச்சி என்போம். 'தம்பி, காத வச்சுக் கேளும். கொழகொழன்னு கேட்டா எங்கயோ காத்து ஏறுது. டக்கு டக்குன்னு கேட்டா சரியாச்சுன்னு அர்த்தம்.' பம்பின் சத்தத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டாப்காக்காக மூடித் திறந்து, ஒரே மத்தியானத்தில் கீறலைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் ஆய்வுக்குழுக் கூட்டம் நடந்து 'முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை' என்று எழுதியாகிவிட்டது. அந்த வரி அவரைவிட்டுப் போகவில்லை. மூன்றாம் வருஷம் அவர் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினோம். குடும்பம் அல்லவா.

அந்த இரண்டு மாசமும் கீறல் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். நான் மறைக்கவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். இந்தத் 'தோன்றாமை'யைத்தான் கலாச்சாரம் என்று சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

4

தனிமனிதர்களின் கெட்ட எண்ணமாக மட்டும் இதைப் பார்த்தால் பெரிய பெயர்களின் முன்னால் நாம் திணறிப்போவோம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி.வி. ராமன் இயக்குநராக இருந்தபோது, 1933இல் பம்பாயிலிருந்து விண்ணப்பித்த கமலா பாக்வத்தை, பிற்பாடு கமலா சோஹோனி என்று அறியப்பட்டவரை, பெண் என்பதற்காகச் சேர்க்க மறுத்தார். அவர் விடாமல் போராடியபின் ஒரு வருஷம் சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு உள்ளே விட்டார். பிறகு கமலா கேம்பிரிட்ஜ் போய் 1939இல் முனைவர் பட்டம் பெற்றார்.

நம் பக்கத்துக்காரர் ஒருவரும் அந்தக் கதையில் உண்டு. 1918இல் திருவிதாங்கூரின் பீருமேட்டில் பிறந்த அன்னா மணி. ஏலத்தோட்டம் வைத்திருந்த வசதியான சிரியன் கிறித்தவக் குடும்பம். பணமோ சாதியோ அவருக்குத் தடையாக இல்லை. 1940இல் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வைரங்களின் ஒளிர்வைப் பற்றி ஆராய்ந்தார். தனிப்பெயரில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லிப் பட்டம் மறுக்கப்பட்டது. அவருடன் அங்கே இருந்த சுனந்தா பாயும் பட்டம் பெறவில்லை. இந்தப் பெண்களைப் பற்றி எழுதிய ஆபா சுர், 2011இல் வந்த தன் நூலில் ஒன்றைக் கவனப்படுத்துகிறார்: ஆணும் பெண்ணும் சேர்ந்து பேசுவதை ராமன் விரும்பாததால், சக ஆய்வாளர்களுக்குள் சகஜமாக நடக்கும் விவாதம், யோசனைப் பரிமாற்றம் இதெல்லாம் இவர்களுக்கு வாய்க்கவில்லை. வேலை செய்ய மேஜை இருந்தது, வைரம் இருந்தது, கருவி இருந்தது. பழக்கம் இல்லை. உள்ளே சேர்த்துக்கொண்ட பிறகும் படிப்புரை தொடரமுடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அன்னா மணி 1948இல் வானிலைத் துறைக்குப் போனார். கருவிகளைத் தரப்படுத்தினார், சூரியக் கதிர்வீச்சை அளந்தார், பிறகு இந்தியா முழுக்கக் காற்றின் வேகத்தை அளந்து தொகுக்கும் பெரும் வேலையை நடத்தினார். நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்க்கும்போதெல்லாம், பட்டம் இல்லாமல் திருப்பியனுப்பப்பட்ட அந்த ஆய்வேடு ஞாபகம் வருகிறது. சாதித்தாரே, அப்புறம் என்ன என்று கேட்பார்கள். சாதித்தவரைக் காட்டி விலக்கலை நியாயப்படுத்துவது பழைய வித்தை. சாதிக்காமல் போனவர்களின் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை.

5

சில பெயர்கள் கிடைத்திருக்கின்றன, சாவின் விலையில். சேலம் மாவட்டத்தின் பன்றி வளர்க்கும் சமூகத்திலிருந்து ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குப் போன செந்தில்குமார், 2008 பிப்ரவரியில் இறந்தார். அவருக்குக் கடைசிவரை நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. இந்தப் பிரச்சினையை விசாரித்த குழு, துறையின் நடைமுறைக் குழப்பத்தால் அடிபட்டவர்கள் பெரும்பாலும் தலித், பழங்குடி மாணவர்களே என்பதைக் கண்டது. இங்கே படிப்புரைகூட இல்லை, முற்றத்திலேயே நிற்கவைத்தாயிற்று. அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா. 2019 மே மாதத்தில் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி.

சாவுகளைப் பற்றி மட்டும் பேசுவதில் ஓர் ஆபத்து உண்டு. செத்தால்தான் சாட்சி என்றாகிவிடும். அதனால் உயிரோடு நின்று கேட்ட ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் நானோ அறிவியல் மையத்தில் ஆய்வு மாணவியாக இருந்த தீபா பி. மோகனன் என்ற தலித் பெண், உட்கார நாற்காலி தரவில்லை, ஆய்வுக்கூட வசதி தரவில்லை, வேதிப்பொருள் தரவில்லை, ஒருமுறை உள்ளே வைத்துப் பூட்டினார்கள் என்று ஆண்டுக்கணக்காகப் புகார் சொல்லி, நீதிமன்றம் வரை போய், ஒன்றும் ஆகாமல் 2021 அக்டோபர் 29 அன்று பல்கலைக்கழக வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பதினோரு நாள். மையத்தின் இயக்குநரைப் பொறுப்பிலிருந்து நீக்கியபின், நவம்பர் 8 அன்று முடித்தார். ஆய்வுக்கூடம், விடுதி, கால நீட்டிப்பு எல்லாம் அதற்குப் பிறகே ஒத்துக்கொள்ளப்பட்டன.

கோட்டயம் எங்கள் தாத்தாமாருக்கு அந்நிய ஊர் இல்லை. 1956 நவம்பர் வரை தக்கலையும் கோட்டயமும் ஒரே ராஜ்ஜியத்தில்தான் இருந்தன. 1924இல் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க சத்தியாகிரகம் நடந்த வைக்கம் இன்றைய கோட்டயம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது 1936 நவம்பர் 12. எண்பத்தைந்து வருஷம் கழித்து, அதே நவம்பரில், ஒரு பெண் ஆய்வுக்கூடப் பிரவேசத்துக்காகப் பட்டினி கிடந்தார். தெரு திறந்தது, கோயில் திறந்தது. அறைப்புரை திறக்கவில்லை. ஏனென்றால் நெல் அங்கேதான் இருக்கிறது.

தகுதி பற்றிய பேச்சின் அடித்தளமும் இதுதான். முன்பு நம் குமரிக் கடற்கரை மீனவர்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி நூல் எழுதிய அஜந்தா சுப்பிரமணியன், 2019இல் சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்துத் தகுதியின் சாதியை ஆராய்ந்தார். கைவினைஞர்களின் கையில் இருந்த தொழில்நுட்பம் எப்படிக் காகித அறிவாக மாறி, மேல்சாதிகளின் இயல்பான சொத்துபோல ஆனது என்று அதில் பார்க்கலாம். கோபால் குரு 2002இல் சமூகவியல் துறைகளைப் பற்றிச் சொன்னதும் இதன் இன்னொரு பக்கம்: கோட்பாடு ஒரு கூட்டத்துக்கு, தகவல் சேகரிப்பு இன்னொரு கூட்டத்துக்கு. ஆய்வுக்கூடத்தில் இது யோசனைக்கும் கைக்கும் இடையிலான பிரிவாக வருகிறது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பாயிலின் ஆய்வுக்கூடத்தில் பம்பை இயக்கிய கைகளின் பெயர்கள் ஏறக்குறைய பதிவாகவே இல்லை என்று ஸ்டீவன் ஷேப்பின் 1989இல் எழுதினார். பம்பு என்றதும் எனக்கு அண்ணாச்சி.

6

அப்படியானால் என்ன செய்வது? நண்பர்களில் ஒரு சாரார் சொல்வார்கள்: குடும்பப் பேச்சே வேண்டாம், சட்டம் போதும். சட்டம் வேண்டும்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதி போட்டது: பாகுபாட்டை விசாரிக்க ஓர் அலுவலர், சம வாய்ப்பு மையம். அவை நடைமுறையில் இல்லை என்று ரோஹித்தின் தாயும் பாயலின் தாயும் 2019இல் உச்சநீதிமன்றம் போனார்கள். 2026 ஜனவரியில் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. அந்த மாசமே உச்சநீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்தது. பிள்ளைகளை இழந்த இரண்டு தாய்மார் கேட்டு ஏழு வருஷம் கழித்து வந்த தாள், ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை.

ஆனால் சட்டம் முழுசாய் வந்தாலும், சாவியைத் தரவைக்கலாம், நாற்காலியைப் போடவைக்கலாம். கீறல் எங்கே இருக்கிறதென்று சொல்லவைக்க எந்த நீதிமன்றத்தால் முடியும்? இதை நாம் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். பழக்கம் தேவை. நெருக்கம் தேவை. சுற்றறிக்கைக்காரர்கள் சொல்கிற அரவணைப்பில் இருக்கும் உண்மை இது. பொய் எங்கே என்றால், அந்த நெருக்கத்தை மேலே இருப்பவரின் பிரியத்துக்கு விட்டுவிடுவதில்.

பிரியத்திலிருந்து அதைப் பிடுங்கிக் கடமையாக்க முடியும். பெரிய புரட்சி வேண்டாம். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருவியையும் சொல்லித்தரும் ஆள் யார் என்பது பட்டியலில் இருக்கட்டும். அந்த ஆள் டீக்கடையில் தீர்மானமாக வேண்டாம், முறைவைத்து மாறி மாறி வரட்டும். சொல்லித் தந்தாயிற்று என்று கற்றவர் கையெழுத்துப் போடட்டும். 'முன்னேற்றம் திருப்தியில்லை' என்று எழுதுமுன் அந்தக் கையெழுத்து இருக்கிறதா என்று குழு பார்க்கட்டும். கீறல்களுக்கென்று ஒரு நோட்டு, எந்தக் கருவி எங்கே மக்கர் பண்ணும் என்று எல்லோரும் எழுதி எல்லோரும் படிக்கிற நோட்டு, லேப் கதவருகே கயிறு கட்டித் தொங்கட்டும். நெறியாளரை மாற்ற, பழைய நெறியாளரின் சம்மதக் கடிதம் கேட்பதை நிறுத்தட்டும். புகார் கேட்கும் குழுவில் அந்தத் துறைக்காரர் இல்லாமல் இருக்கட்டும். கட்டுரையில் பெயர் போடும்போது கைகளையும் கணக்கில் எடுக்கட்டும்.

இது இயந்திரத்தனம், அன்பு இப்படி வராது என்பார்கள். வராமல் போகட்டும். முதலில் அறிவு வரட்டும். சேர்ந்து வேலைசெய்து கை பழகினால், ஒருவேளை ஆளும் பழகுவான். பழக்கத்தின் இரண்டாவது பொருளிலிருந்து முதலாவதுக்கு இதுவரை போனோம். திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்கிறேன்.

இதை எழுதி முடிக்குமுன் என் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். நன்றியுரை ஒன்றரைப் பக்கம் இருக்கிறது, அந்தச் சுற்றறிக்கையின் அளவு. கைடுக்கு நன்றி, கைடு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு போட்ட அம்மாவுக்கு நன்றி, சீனியருக்கு நன்றி, ஊதவித்தொகை தந்தவர்களுக்கு நன்றி, குலதெய்வத்துக்கு நன்றி. அண்ணாச்சி பெயர் இல்லை. பம்பின் சத்தத்தைக் கேட்க அவர் எனக்கும்தான் பிற்பாடு சொல்லித் தந்தார். பெயரை விடவேண்டும் என்று நான் முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை. தோன்றவில்லை.